மீசையை நம்பிப் போன சலோமி அத்தை

“குடிங்க அண்ணாச்சி. ஒரு வாய். ஆறிப்போச்சுன்னா பெறவு பசை மாதிரி ஆயிரும்.”

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. வாய் திறந்து பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

“தலைய ஆட்டாதிய. பேச்சு முடியுமுன்னே பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு ரோஷமாக்கும்? இது ஆஸ்பத்திரி. ரோஷத்த எல்லாம் ஊர்ல போய்ப் பாத்துக்கிடலாம்.”

அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். அத்தை அவர் தாடையைப் பிடித்து ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட்டாள். அவர் விழுங்கினார். கண்ணை மூடித் திறந்தார். அதற்குப் பிறகு தலையை ஆட்டவில்லை, தானாகவே வாயைத் திறந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒல்லியாக ஒரு மனிதர். மழுங்க மழித்த முகம், அவர் கழுத்திலும் ஒரு கட்டு. எவர்சில்வர் கரண்டியால் கட்டில் கம்பியில் டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அத்தை திரும்பி இந்தியில் ஒரு அதட்டுப் போட்டாள்.

“அரே சாச்சா, சுப் பைட்டோ! பீமார் ஆத்மி ஹை இதர்!”

சும்மா இரும் பெரியவரே, இங்கே சீக்காளி இருக்கிறார் என்று அர்த்தம். தட்டுகிறவரும் சீக்காளிதான் என்பது அத்தைக்குத் தோன்றவில்லை.

இந்தக் காட்சியை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மூன்று பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அன்றைக்குப் பேசவே கூடாதவர்கள். அவர்கள் கொட்டித் தீர்க்க ஒரு வாரம் ஆயிற்று.

கான்வாஸ் ஷூவும் காட்டன் புடவையும்

போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முருங்கைக்காய்க்காக நான் போட்ட சண்டையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு செம்பூர் தோழி ஒருத்தி போன் போட்டு, “உனக்கு இந்த வாய் யாருகிட்டேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். வேறு யார்? சலோமி அத்தைதான். என் அப்பாவுக்கு மூத்தவள்.

அத்தை போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் யாராவது பொம்பளை உரக்கச் சிரித்தால் இன்னமும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கல்யாணம் ஆகித் தாராவிக்கு வந்தவள். மாமா சீக்கிரமே இறந்துபோனார். பிள்ளை இல்லை. தோல் பை தைக்கிற பட்டறையில் கைப்பிடி தைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மேல்தட்டு அறையிலேயே இருந்தாள். ஏணி மாதிரி நிற்கிற அந்த இரும்புப் படியில் எழுபது வயதிலும் கையில் குடத்தோடு ஏறுவாள். வயசு என்ன என்று கேட்டால், “ஆண்டவரு குறிச்சு வச்சிருக்காரு, நான் எதுக்குத் தனியாக் குறிக்கணும்?” என்பாள்.

வெள்ளைக் காட்டன் புடவை, காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்புக் கான்வாஸ் ஷூ. ரயில் பிடிக்க ஓடவேண்டும் அல்லவா? ஓடுகிற வண்டியில் ஏறாதே என்று எங்களுக்கெல்லாம் உபதேசம் செய்வாள். சயான் ஸ்டேஷனில் வண்டி நிற்குமுன்னே அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு செப்டம்பர் மாதம் பாந்த்ராவில் மாதா திருவிழா. அத்தை ராட்சத ராட்டினத்தில் ஏறியே தீருவேன் என்றாள். அப்பா கெஞ்சினார். “ஏல தம்பி, நீ வேணும்னா கீழ நின்னு ஜெபம் பண்ணு” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உச்சிக்குப் போனதும் கரண்ட் போய்விட்டது. கீழே ஒரே கூச்சல். மேலே ஒரு சின்னப் பெண் வீரிட்டு அழ, அத்தை மடியிலிருந்த வேர்க்கடலையை உரித்து உரித்து அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “காத்து நல்லா வருதுல, இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருக்கலாம்” என்பதுதான். அப்பாவுக்குத்தான் சோடா வாங்கிக் கொடுக்கவேண்டியிருந்தது.

பெருமழையில் ஊரே முங்கிய அன்றைக்கு இதே அத்தை சயானில் மாட்டிக்கொண்டாள். முன்பின் தெரியாத காலேஜ் பெண்களின் துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எல்லோரையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடுப்புத் தண்ணீரில் செம்பூர் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். வழி தெரியுமா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். “தெரியாது. ஆனா நிக்கப்பிடாது” என்றாளாம் அத்தை.

ஊர்க்களை

அத்தைக்கு ஒரு வித்தை தெரியும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். முகத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவாள். தாதரில் தெற்கேயிருந்து வண்டி வந்து நின்றால், இறங்குகிறவர்களைப் பார்த்து, “இது உடன்குடி நெத்தி. அந்தா போறது திசையன்விளை நடை” என்பாள். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். அந்த வண்டியில் அந்தப் பக்கத்து ஆட்கள்தான் வருவார்கள் என்பதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை.

ஒருமுறை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எதிரே இருந்த அம்மாவைப் பார்த்து, “ஏட்டி, நீ நாசரேத் தான?” என்று தொடையில் தட்டினாள். அந்த அம்மா ரத்னகிரிப் பக்கத்து மராட்டிக்காரி. இரண்டு பேரும் குர்லா வருவதற்குள் சிநேகிதம் ஆகிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரிலிருந்து யாராவது பம்பாய்க்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், செய்தி எங்கள் வீட்டுக்கு வரும். அத்தை கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பார்வையாளர் பாஸ் கீஸ் எதுவும் வாங்கமாட்டாள். வார்டு ஆயாக்கள் எல்லோரும் அவளுக்குப் பழக்கம். துணி மூட்டை போகிற பின்வாசல் வழியாகப் புகுந்துவிடுவாள். உள்ளே போனபிறகு நர்ஸிடம் எதுவும் கேட்கமாட்டாள். கேட்டால் பாஸ் எங்கே என்பார்களே! அதனால் ஊர்க்களையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பாள்.

எத்தனையோ வருஷம் இது தப்பாமல் நடந்தது. என் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் தப்பியது.

ஆல்பர்ட்டின் தாய்மாமன்

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு ஆல்பர்ட்டைப் பேசிக்கொண்டிருந்தார்கள். துபாயில் ஏசி மெக்கானிக். போட்டோ வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு தினமும் போன் வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சும்மா இல்லை, போன் வராத அன்றைக்குச் சோறு இறங்காத அளவுக்குப் பிடித்துப்போயிற்று.

அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. தாய்மாமன் ஞானதுரைதான் வளர்த்து ஆளாக்கியது. கருப்பட்டி வியாபாரம். ஊரில் அவர் மீசைக்கு அவ்வளவு மரியாதை. “மாமா சரின்னா சரி, மாமா வேண்டாம்னா…” என்று ஆல்பர்ட் ஒருநாள் இழுத்தார். நான் மீதியைக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

அந்த மாமா சரக்கு விஷயமாகப் பம்பாய்க்கு வந்த இடத்தில் தொண்டையில் கட்டி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கூட யாரும் இல்லை. கட்டியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வருகிறவரைக்கும் அங்கேயே இருக்கவேண்டும், பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆல்பர்ட்டின் அம்மா கிருபை ஊரிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார். “அண்ணாச்சி, எங்கண்ணன் தனியாக் கெடக்காவ. பெரிய மீசை, தொண்டைல கட்டு. பாத்த ஒடனே தெரிஞ்சிரும்.”

பேச்சு முடியாமல் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் போய் நின்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். அத்தை போனால் அது ஊர்முறை. அத்தை போனாள்.

இரண்டு கட்டில்

ஆபரேஷனுக்காக ஞானதுரை மாமாவின் மீசையை ஆஸ்பத்திரி நாவிதர் சுத்தமாக வழித்துவிட்டிருந்தார். இது ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கோ பேச முடியாது. பேச முடிந்திருந்தாலும் அந்த அவமானத்தை வெளியே சொல்லியிருக்கமாட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தேவ்நாரைச் சேர்ந்த ஜாதவ். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தலைமுறை தலைமுறையாக மராட்டிக்காரர். கறுத்த முகம், கனத்த மீசை. அவர் மனைவி காலையில் வந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அத்தை சாயங்காலம் வருவாள்.

அத்தை வார்டுக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்தாள். சாத்தான்குளத்துக் களை ஜாதவ் முகத்தில் சொட்டியதாம். நேரே போய், “ஸ்தோத்திரம் அண்ணாச்சி” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அத்தைக்கு பம்பாய் இந்தி சரளமாக வரும். ஜாதவிடம் ஒரே ஒரு வாக்கியம் இந்தியில் பேசியிருந்தால் அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருக்கும், விஷயம் உடைந்திருக்கும். ஆனால் ஊர்க்காரரிடம், அதுவும் மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், இந்தி பேசுவது மரியாதையா? அத்தை அவரிடம் சுத்தமான தமிழ் மட்டுமே பேசினாள். இந்தி எல்லாம் கரண்டி தட்டுகிற பக்கத்துக் கட்டில்காரருக்கு.

மாமா எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டினார். செய்தித்தாள் ஓரத்தில் ‘நான்தான் ஞானதுரை’ என்று பெரிதாக எழுதி உயர்த்திப் பிடித்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “சுக்ரியா சாச்சா” என்று நன்றி சொல்லி வாங்கி, சூடான தூக்குக்கு அடியில் வைத்துவிட்டாள். நர்ஸுக்கோ தமிழ் தெரியாது.

அடுத்தநாள் அவர் எழுந்தே வந்துவிட்டார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தூக்கைத் தொட்டுக் காட்டி, தூக்கைப் பிடித்து இழுத்தார். அத்தை விடவில்லை. நர்ஸ் வந்து அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள்.

ஒரு தட்டு, இரண்டு தட்டு

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ரகளை. கிருபை அம்மா தினமும் அண்ணனுக்குப் போன் செய்வார். ஆயா போனை அவர் காதில் வைப்பாள். ஆமாம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று ஏற்பாடு.

“பொண்ணு வீட்டுலேருந்து யாரும் வந்தாவளா?”

டக் டக்.

“சாப்பிட எதுவும் குடுத்தாவளா?”

டக் டக்.

உடனே அப்பாவுக்குப் போன். “என்ன அண்ணாச்சி, தெனமும் போறாவன்னு பொய் சொல்லுதிய? எங்கண்ணன் பட்டினி கெடக்காவ!”

அப்பா போனை வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். “அக்கா, நெசமாப் போறியா?”

“போறியாவா? ஏல, டம்ளர வழிச்சு நக்குதாரு அந்த மனுசன்! அங்கன ரெண்டு தட்டு தட்டுதாராக்கும்? வயித்துல கஞ்சி, வாயில பொய்யா? பொண்ணக் குடுக்குமுன்னே புத்தி தெரிஞ்சுபோச்சு பாத்தியா.”

துபாயிலிருந்து ஆல்பர்ட் பேசினார். குரலே சரியில்லை. “ஜாய்ஸ், அம்மா ரொம்பக் கோவத்துல இருக்காவ. அண்ணனப் பாக்காதவ மருமகளா வந்து என்னப் பாக்கவான்னு கேக்காவ. நேர்ல வந்து மாமாவக் கூட்டிட்டுப்போயி, பேச்ச முறிச்சுக்கிடுவேங்காவ.” அன்றைக்கு முழுக்க அழுதேன். அத்தை என் முதுகைத் தடவி, “அழாதட்டி, நாளைக்குக் கஞ்சில இஞ்சி தட்டிப் போடுதேன்” என்றாள். இஞ்சிக்கும் என் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன்.

ஆனால் அத்தை அடுத்தநாள் இரண்டு தூக்கு கொண்டுபோனாள். கரண்டி தட்டுகிறவர் தூக்கைப் பிடித்து இழுத்தது அவள் மனசை விட்டுப் போகவில்லை. “பாவம், யாருமே வாறதில்ல அந்த சாச்சாவுக்கு. பசியில மனுசன் தூக்கப் பிடுங்குதான்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே அரிசி கூடப் போட்டாள்.

மாமா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு மணம் அடித்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை உப்பில்லை என்று தள்ளித் தள்ளிக் காய்ந்துபோயிருந்த மனிதர். குடித்துவிட்டார். அன்றோடு கரண்டிச் சத்தம் நின்றது. அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தபோது அவர் ஒரு தட்டும் தட்டவில்லை, இரண்டு தட்டும் தட்டவில்லை. இரண்டு கையிலும் கஞ்சித் தூக்கு இருந்தது. கிருபை அம்மா பதறிப்போய் அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்.

அத்தை மாமாவுக்கு நகம் வெட்டினாள், துண்டு அலசிக் காயப்போட்டாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் தமிழும் இந்தப் பக்கம் இந்தியுமாகப் பேசித் தீர்த்தாள். தமிழ்ப் பக்கம் பேசினது: “இப்பவே சொல்லிருதேன் அண்ணாச்சி, எங்க பிள்ளைக்கிச் சமையல் வராது. வாயி கொஞ்சம் நீளம். பெறவு மறைச்சிட்டாவன்னு வரப்பிடாது.” ஜாதவ் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார். புரிய வேண்டியவர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்திப் பக்கம் திரும்பினால் ரகசியம். “சாச்சா, இந்த ஆள் இருக்கானே, ரொம்ப அகடு பிடித்தவன். வாங்கிக் குடிப்பான், குடிக்கலைன்னு வீட்டுக்குத் தட்டுவான். எங்க பொண்ணுக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கேன்.” அகடு என்றால் திமிர். கருப்பட்டி விற்க வருஷத்துக்கு மூன்று தடவை பம்பாய் வருகிற மனிதருக்கு அந்த வார்த்தை நன்றாகவே தெரியும்.

மதினி வந்தார்

ரயிலை விட்டு இறங்கிய கையோடு கிருபை அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பாவும் நானும் வாசலில் நின்றிருந்தோம். எங்களைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே நடந்தார். பின்னாலேயே போனோம்.

வார்டில் அத்தை வழக்கம்போல ஸ்டூலில். “வாங்க மதினி, நல்ல நேரத்துக்கு வந்திய. நீங்களே உங்க அண்ணன்ட்ட கேளுங்க, நான் கஞ்சி குடுத்தனா இல்லையான்னு” என்று ஜாதவைக் காட்டினாள்.

கிருபை அம்மா ஜாதவைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். “அண்ணே… மீசை எங்கண்ணே?” என்று அலறி அங்கே ஓடினார்.

“மதினி, அது அண்ணாச்சி இல்ல! அவரு யாரோ சாச்சா! இதுதான் உங்க அண்ணன்!”

“என் அண்ணன எனக்குத் தெரியாதா?”

“அவருக்கு ஊர்க்களையே இல்லையே!”

அன்று காலைதான் ஜாதவுக்குப் பேச அனுமதி கிடைத்திருந்தது. அவர் கைகூப்பிக்கொண்டு, அத்தையை மராட்டி முறையில் சித்தி என்று அழைத்து, கரகரத்த குரலில் இந்தியில் சொன்னார்: “மாவ்ஷி, நான் ஜாதவ். தேவ்நார். முதல் நாளிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.”

அத்தை எழுந்துவிட்டாள். முதல்முறையாக அவரிடம் இந்தியில் கேட்டாள். “அப்ப ஏன் குடிச்சே?”

“நன்றாக இருந்தது மாவ்ஷி.”

அத்தை என்னைப் பார்த்தாள். பெருமழையிலும் ராட்டின உச்சியிலும் கலங்காத முகம் அன்றைக்குத்தான் கலங்கியது. “ஏட்டி ஜாய்ஸ், உன் வாழ்க்கையக் கெடுத்துட்டனே” என்று ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கிருபை அம்மா முன்னால் எதுவும் செய்யப் பயமாகவும் இருந்தது.

“கெளம்புங்கண்ணே. நம்ம வீட்டு ஆம்பளைய அடையாளம் தெரியாதவ வீட்டுல நமக்கு என்ன சம்பந்தம்?” என்று கிருபை அம்மா பையை எடுத்தார்.

மாமா தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு இன்னும் பேச அனுமதி இல்லை. இருந்தாலும் பேசினார். காற்றும் கரகரப்புமாக வந்தது.

“கிருபை, கேளு. எனக்குன்னு காய்ச்சுன கஞ்சிய இந்த அம்மா ஒரு நாளும் எனக்குத் தரல. நாதியத்த எவனோ ஒருத்தன்னு நெனச்சு, தனித் தூக்குல கொண்டாந்து தந்தா. நான் ரெண்டையும் பாத்தேன். சம்பந்தக்காரனுக்கும் அதே இஞ்சி, நாதியத்தவனுக்கும் அதே இஞ்சி.”

மூச்சு வாங்கினார்.

“பொண்ணுக்குச் சமையல் வராதாம். வாயி நீளமாம். நான் திமிர் பிடிச்சவனாம். எல்லாத்தையும் இந்த அம்மாவே சொல்லிட்டா. ஊர்ல ஒருத்தனும் எங்கிட்ட இவ்வளவு உண்மை பேசுனதில்ல. போயி ஆல்பர்ட்டுக்குச் சொல்லு, மாமா சரின்னுட்டான்னு.”

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிருபை அம்மா பையைக் கீழே வைத்தார்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து மாமாவின் கட்டிலருகே போனாள். முதல்முறையாக அவரிடம் தமிழில் பேசினாள்.

“மொதல்ல வாய மூடுங்க அண்ணாச்சி. டாக்டர் பேசப்பிடாதுன்னுருக்காருல்ல?”

அவர் மூடிக்கொண்டார். அத்தை ஸ்டூலை மறுபடி நடுவில் இழுத்துப் போட்டு, இரண்டு டம்ளரிலும் கஞ்சியை ஊற்றினாள்.